வீட்டுக் கடன் வட்டி: தொழிலாளி ஆரூடம் பார்க்க வேண்டுமா?

“வட்டி இன்னும் இறங்கும், பொறுத்திருங்கள்” என்கிறது ஒரு முதலாளித்துவப் பத்திரிகை. “ஏறப்போகிறது, இன்றே நிலையான வட்டிக்கு மாறுங்கள்” என்கிறது இன்னொன்று. வாராவாரம் வரும் இந்த ஆரூடத்தைக் கேட்டு, வீட்டுக் கடன் வாங்கிய மில் தொழிலாளி செய்வதறியாமல் திகைக்கிறான்.

தோழர்களே! வட்டி, தானாகப் பெய்யும் மழையல்ல. அதை ஏற்றுவதும் இறக்குவதும் மனிதர்களே. ரிசர்வ் பாங்கியின் நாணயக் கொள்கைக் கமிட்டியில் 6 பேர் இருக்கிறார்கள். மூவர் ரிசர்வ் பாங்கியைச் சேர்ந்தவர்கள். மூவரை மத்திய சர்க்கார் நியமிக்கிறது. மாதத் தவணை கட்டும் தொழிலாளியின் பிரதிநிதிக்கு அங்கே இடமில்லை.

2020 மே முதல் இரண்டு வருஷம் ரெப்போ வட்டி 4 சதவீதமாக இருந்தது. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ஆறு தடவை உயர்த்தி 6.5 ஆக்கினார்கள். விலைவாசியை அடக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். விலைவாசியால் கடைத்தெருவில் ஓர் அடி. வட்டியால் பாங்கியில் மறு அடி. இரண்டும் விழுந்தது உழைப்பாளியின் முதுகில்! 2025ல் நான்கு தடவை குறைத்து 5.25க்குக் கொண்டுவந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய்க் கடன், 20 வருஷம், 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 7,750 ரூபாய். வட்டி 9.5 ஆனால் தவணை சுமார் 9,320. கடன் வாங்கிய புதிதில் வட்டி இப்படி ஏறி, தவணை மட்டும் பழையபடியே இருந்தால்? அந்த மாதத்து வட்டியே 7,900 ரூபாயைத் தாண்டிவிடும். கட்டக் கட்டக் கடன் வளரும்!

கேட்காமலும் சொல்லாமலும் கடன் காலத்தை நீட்டுகிறார்கள் என்று புகார்கள் குவிந்தன. அதன் பிறகே, 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரே தீர்மானிக்கலாம். நீட்டுவதால் கடன் வளரக் கூடாது. நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் தர வேண்டும் என்றது. ஆனால் 2025 அக்டோபர் முதல், அந்தக் கடைசி வாய்ப்பைத் தருவதும் மறுப்பதும் பாங்கியின் இஷ்டம் என்றாகிவிட்டது. எப்போது மாறலாம் என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கையில், மாறும் உரிமையையே பறித்துவிட்டார்கள்!

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஆரூடத்தை விட்டுவிட்டு வீட்டுச் செலவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். நிலையான வட்டி பொதுவாகச் சற்றுக் கூடுதல். தவணையில் 1,500 ரூபாய் ஏறினால் அடுப்பு எரியாது என்ற நிலையிலுள்ள குடும்பத்துக்கு, அந்தக் கூடுதல் பாதுகாப்புக்குத் தரும் விலை. தாங்கக்கூடியவர்கள் மாறும் வட்டியிலேயே இருக்கலாம். வட்டி இறங்கும்போது பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால் கடன் சீக்கிரம் தீரும். ‘நிலையான’ வட்டி கடைசித் தவணை வரை நிலையானதா, சில வருஷங்களுக்கு மட்டுமா? மாற்றக் கட்டணம் எவ்வளவு? பாக்கி அசல் எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத் தோழர்களோடு போங்கள்.

விவசாயத் தொழிலாளிக்கோ இந்தத் தேர்வே கிடையாது. மனைப் பட்டாவும் சம்பளச் சீட்டும் இல்லாதவனுக்கு பாங்கியின் கதவு திறப்பதில்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ல் சட்டம் வந்தது. கந்துவட்டிக்காரன் இன்னும் ஒழியவில்லை.

ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் ஒரே குரலில் கேட்போம்:

நிலையான வட்டிக்கு மாறும் உரிமையைக் கட்டாயமாக்கு!

உழைப்பாளி வீட்டுக் கடனுக்குக் குறைந்த வட்டி நிர்ணயம் செய்!

குடிசைவாசிகள் அனைவருக்கும் மனைப் பட்டா வழங்கு!