டிஸ்ட்ரிபியூட்டர் கேட்டு வருபவருக்கு நாம் தரும் பதில்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் வணிகர்களுக்குப் புதிய கார்களைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிஸ்ஸான் ஆலை வந்தது. 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலை வந்தது. இவையெல்லாம் நம் கண்ணெதிரே எழுந்தவை. ஆனால் இவ்வட்டாரத்தில் இன்று தயாராகும் பெட்ரோல் கார் எதிலும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற உறுப்பே கிடையாது. எந்த பிளக்கில் எந்த நொடியில் பொறி தட்ட வேண்டும் என்பதை ஒரு சிறிய கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

அப்படியிருக்க, டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். பேச வேண்டிய அவசியம் இருக்கிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் முதல் இன்றைய இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வரை, நம் பகுதிக்கும் வேகக் கார்களுக்கும் உள்ள உறவு விட்டுப்போகவில்லை. எம்.ஜி., டிரையம்ஃப் போன்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிள்ளைபோல வைத்துக் காப்பாற்றும் அன்பர்கள் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறார்கள். ஆலைகளில் பணிபுரியும் பொறியாளர்கள் சிலருக்கும் இந்த ஆர்வம் உண்டு. அவர்கள் கடைக்கு வந்து, "டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது, நல்லதாக ஒன்று வேண்டும்" என்று கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதே கேள்வி.

"இல்லை" என்று கையை விரிப்பது ஒரு பதில். கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்து, "இதுவே சேரும், கொண்டு போங்கள்" என்பது இன்னொரு பதில். இரண்டும் வணிகருக்கு அழகல்ல. அதிலும் இரண்டாவது, முதலுக்கே மோசம் விளைவிப்பது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது என்றவுடன் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. நம் அனுபவத்தில், முழு டிஸ்ட்ரிபியூட்டர் கேட்டு வருபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது கண்டன்சரோ, ரோட்டாரோ, கேப்போ மட்டும்தான். குளிர்ந்த எஞ்சின் நன்றாக ஓடி, இருபது நிமிடம் கழித்துச் சூடேறியதும் நின்று, ஆறிய பிறகு மீண்டும் ஓடுகிறது என்றால், பெட்ரோல் பம்பைக் குற்றம் சொல்வதற்கு முன் கண்டன்சரையும் காயிலையும் சந்தேகிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தரக்குறைவான கண்டன்சர் நிற்காது.

டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்நிலையை அறிய மூன்று எளிய சோதனைகள் போதும். கேப்பைக் கழற்றி ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. ரோட்டாரை அது சுழலும் திசையில் விரலால் திருகிவிட்டால் தானே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளிருக்கும் எடைகளோ ஸ்பிரிங்குகளோ பழுது. வாக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் தட்டு நகர வேண்டும். நகராவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது தட்டு இறுகியிருக்கலாம்.

இவற்றில் ஷாஃப்ட் ஆட்டம்தான் பெரிய வியாதி. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. ஷாஃப்ட் ஆயிரத்தில் 5 பங்கு ஆடினாலே, அந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் நொடிக்கு 200 பொறிகளை அனுப்ப வேண்டும். ஆடுகின்ற ஷாஃப்டை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைச் சரியாக முடிக்க எந்த பாயிண்டாலும் முடியாது.

"உட்காரும்" வேறு, "பொருந்தும்" வேறு

நம் நாட்டில் இந்த வியாபாரத்துக்கு ஒரு தனி வசதியும் உண்டு, அதிலேயே ஒரு கண்ணியும் உண்டு. அம்பாசடர் காரில் வெகுகாலம் ஓடிய 1,489 சி.சி. எஞ்சின், இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி சீரிஸ் குடும்பம். எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சினும் அதே குடும்பம். அதுபோல, பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் நெருங்கிய உறவினர்கள். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினும் முதல் ஸ்பிட்ஃபயரின் 1,147 சி.சி. எஞ்சினும் ஒரே வம்சம். இன்று வண்டலூரிலிருந்து ஒரகடத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, புறப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காலத்தில் கார் தயாரானது என்பது நினைவிருக்கும்?

இந்த உறவுமுறையை நம்பி, அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டரை எம்.ஜி.க்கும், ஹெரால்டு டிஸ்ட்ரிபியூட்டரை ஸ்பிட்ஃபயருக்கும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது எஞ்சினில் உட்கார்ந்துவிடும். வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிடும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். தொல்லை பிறகுதான் தெரியும்.

எஞ்சின் வேகம் கூடக்கூட, பொறி முன்கூட்டியே விழ வேண்டும். இதை அட்வான்ஸ் என்கிறோம். எந்த வேகத்தில் எத்தனை டிகிரி முன்னே போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் தீர்மானிக்கின்றன. குடும்பத்தைச் சுமந்து மெல்லப் போகும் கார் எஞ்சினுக்கு உள்ள கணக்கு வேறு. அதிக கம்ப்ரெஷனும் வேறு கேம் ஷாஃப்டும் கொண்ட ஸ்போர்ட்ஸ் எஞ்சினின் கணக்கு வேறு. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால், அதில் 2 டிகிரி தவறினால் எஞ்சினில் 4 டிகிரி தவறும். அட்வான்ஸ் மிஞ்சினால் நாக்கிங் எடுத்து பிஸ்டனில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். குறைந்தால் பிக்கப் போய்விடும், எஞ்சின் கொதிக்கும். பல ஸ்பிட்ஃபயர் கார்களில் டாக்கோமீட்டர் கேபிளே டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள பல்சக்கரத்திலிருந்துதான் புறப்படுகிறது. அது இல்லாத ஒன்றை மாட்டினால் மீட்டர் முள் அசையாது.

ஆகவே, "என்ன கார்?" என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. "பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் 25 டி 4, 45 டி 4 என்பது போன்ற மாடல் பெயரும், அதோடு ஐந்து இலக்க எண் ஒன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்தான் அதன் ஜாதகம். எந்த அட்வான்ஸ் கணக்கு, எந்த வாக்குவம் என்பதெல்லாம் அதில் அடங்கும்.

பெட்டியின் மேலுள்ள பெயர்

லூகாஸ் என்ற பெயருக்கு நம் சென்னையில் தனி மரியாதை உண்டு. 1961-இல் லூகாஸ்–டி.வி.எஸ். உருவாகி, பாடியில் ஆலை அமைந்து, இந்த நாட்டின் வண்டிகளுக்கு மின்சாதனங்களைச் செய்து கொடுத்தது. ஆனால் இங்கிலாந்தின் தாய் நிறுவனம் 1996-இல் வாரிட்டியோடு இணைந்து, 1999-இல் டி.ஆர்.டபிள்யூ. கைக்குப் போயிற்று. அதன்பின் வெளிநாடுகளில் அந்தப் பெயர் உரிமத்தின் பேரில் பல பொருள்களின் மேல் ஒட்டப்பட்டு வருகிறது. பெட்டியில் பழைய பெயர் இருப்பதால் உள்ளே பழைய தரம் இருக்கும் என்று எண்ண இடமில்லை.

இது உரிமம் பெற்ற சரக்கின் நிலை. போலிச் சரக்கின் கதை வேறு. ஒரே வார்ப்பு, ஒரே ஸ்பிரிங், ஒரே எடை. ஆனால் நான்கு விதமான எண் ஒட்டிய நான்கு பெட்டிகள். வெளியூர்ச் சப்ளையர் ஒருவரிடமிருந்து வந்த இத்தகைய சரக்கை நாங்களே பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். ரோட்டார் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். பித்தளைத் தகட்டை ஒரு ரிவெட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். மலிவான ரோட்டாரில் பிளாஸ்டிக் தரமில்லாததால், அந்த ரிவெட் வழியாகவே கரண்ட் ஷாஃப்டுக்கு இறங்கிவிடும். புது ரோட்டார் போட்ட அன்றே வண்டி நடுவழியில் நிற்கும். கன்டெய்னர் டிரெய்லர்கள் பாய்ந்து வரும் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு தாழ்வான சிறு கார் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரானிக் வகைகள்

பாயிண்டே வேண்டாம், எலக்ட்ரானிக் போட்டுவிடலாம் என்பவர்களும் வருகிறார்கள். தவறில்லை. பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே பொருத்தும் சிறிய மாட்யூலும் உண்டு. அட்வான்ஸ் கணக்கையும் எலக்ட்ரானிக்காகவே பார்த்துக்கொள்ளும் முழு டிஸ்ட்ரிபியூட்டரும் உண்டு. ஆனால் தேய்ந்த ஷாஃப்டை எந்த மாட்யூலும் சரி செய்யாது. வண்டி பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா என்று கேட்காமல் விற்கவே கூடாது. எம்.ஜி.பி. கார்கள் 1967 வரை பாசிட்டிவ் எர்த். அதற்குப் பின்னே நெகட்டிவ். மாற்றி இணைத்தால் நிமிடத்தில் கருகிப் போகும். காயிலின் ஓம் அளவையும், பாலாஸ்ட் ரெசிஸ்டர் இருக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும். தூரப் பயணம் போகிறவருக்கு, கழற்றிய பாயிண்ட் தட்டைப் பத்திரமாக டிக்கியில் வைத்துக்கொள்ளச் சொல்வது நல்ல வணிகரின் கடமை.

எங்களைக் கேட்டால், முதல் இடம் பழையதைப் பிரித்துப் புது புஷ் போட்டுச் சீர் செய்வதற்கே. வார்ப்பு உடைந்திருந்தாலோ, ஷாஃப்ட் சீராக்க முடியாதபடி தேய்ந்திருந்தாலோ, தயாரிப்பாளர் யார் என்று தெரிந்த முழு எலக்ட்ரானிக் வகை இரண்டாம் இடம். எல்லா வண்டிக்கும் ஒரே சரக்கு என்று வரும் பெயர் தெரியாத புதிய டிஸ்ட்ரிபியூட்டருக்கு நம் அலமாரியில் இடமே வேண்டாம்.

சட்டமும் நம்மைப் பார்க்கிறது

பொய்யான வணிகச் சின்னம் இட்ட பொருளை விற்றால், 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழியுண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, தயாரிப்பாளர் யாரென்று தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்றவரையே பொறுப்பாளியாக்குகிறது. "எங்கள் கையில் என்ன இருக்கிறது, கம்பெனிக்காரன் அனுப்பினான்" என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது. 2025 செப்டம்பரில் வாகன உதிரிப் பாகங்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. பில் இல்லாத சரக்கின் மேல் ஆசைப்பட இருந்த ஒரு காரணமும் அதனால் பாதி தேய்ந்துவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

ஆண்டுக்கு நான்கைந்து பேர் கேட்கும் பொருளுக்கு இத்தனை பாடா என்று சில சகோதர வணிகர்கள் நினைக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவுதான். ஆனால் இதே அறிவு அம்பாசடருக்கும், பத்மினிக்கும், பழைய ஜீப்புக்கும், கார்புரேட்டர் காலத்து மாருதிக்கும் பயன்படும். மேலும், இன்று பழைய எம்.ஜி.க்கு ஒரு ரோட்டார் வாங்க வருபவர், நாளை ஓர் ஆலையின் வாகனங்களுக்கெல்லாம் உதிரிப் பாகம் வாங்கும் பொறுப்பில் இருப்பவராக இருக்கலாம். செல்போனில் விரலை அழுத்தினால் எந்தப் பொருளும் வீட்டுக்கு வந்துவிடும் காலம் இது. விலையில் அதோடு போட்டியிட்டு நாம் ஜெயிப்பது கடினம். பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, எண்ணைப் படித்து, "இது உங்களுக்கு வேண்டாம், புஷ் மாற்றினால் போதும்" என்று சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார் என்பதுதான் நம் கடையின் பலம்.

எனவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். ஒன்று, அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பக்கங்களில் வெண்கல புஷ் கடைந்து டிஸ்ட்ரிபியூட்டரைச் சீராக்கித் தரக்கூடிய நம்பகமான லேத் பட்டறைகளைக் கண்டறிந்து, பட்டியல் ஒன்றை உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் வயதானவர்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தால்தான் கைத்திறமை அடுத்தவருக்குப் போகும். இரண்டு, டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழலவிட்டு அட்வான்ஸைச் சரிபார்க்கும் சோதனை பெஞ்ச் ஒன்றைப் பழையதாகக் கிடைத்தாலும் சங்கப் பொதுவில் வாங்கி வைத்து, சிறு கட்டணத்துக்குச் சோதித்துத் தரலாம். தனி ஒரு கடைக்கு அது கட்டுப்படியாகாது. நூறு கடைக்குப் பாரமாகாது. மூன்று, பில்லில் வெறுமனே "டிஸ்ட்ரிபியூட்டர் – 1" என்று எழுதாமல், தயாரிப்பாளர் பெயர், எண், புதியதா, சீர் செய்ததா என்பதையும் எழுதும் வழக்கத்தை எல்லோரும் மேற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது யோசனைக்குக் காசு செலவில்லை, கூட்டமும் தீர்மானமும் தேவையில்லை. நாளைக் காலை கடை திறந்தவுடன் எழுதும் முதல் பில்லிலேயே தொடங்கிவிடலாம். மற்ற இரண்டையும் வரும் செயற்குழுவில் எடுத்துப் பேசி முடிவு காண வேண்டுமென நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.