கியர் பெட்டியும் கேட்காத கேள்வியும்

டெல்லி மாற்றல்களின் நகரம். சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ மாற்றலாகிப் போகும் அரசு ஊழியர் ஃபிரிட்ஜை லாரியில் ஏற்றுகிறார்; காரை விற்றுவிடுகிறார். போதாததற்கு, 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025ல் பிடி சற்றுத் தளர்ந்தாலும், வயதான காரை விலை இருக்கும்போதே தள்ளிவிடும் எண்ணம் உரிமையாளர்களுக்கு வந்துவிட்டது. கரோல் பாக் சந்தையில் கழுவித் துடைத்து நிற்கும் கார்களுக்குப் பஞ்சமில்லை.

பளபளப்பெல்லாம் வெளியே. கியர் பெட்டி இருப்பது உள்ளே. வாங்கிய மூன்றாவது வாரம் ஆசிரம் சௌக் நெரிசலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் அலறுகிறது; கார் நகர மறுக்கிறது. வாங்கியவருக்கு முதலில் நினைவு வருவது இன்ஷூரன்ஸ். அங்கே கதவு மூடியிருக்கிறது. விபத்துச் சேதத்துக்குத்தான் சாதாரண மோட்டார் பாலிசி பணம் தரும். தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் தராது.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதது, எப்படியாவது வீடு போய்ச் சேரலாம் என்று மிதித்துக்கொண்டே இருப்பது. வழுக்கும் கிளட்ச் சூடேறிக் கருகும். சின்னச் செலவு பெரிய செலவாகும். ஆட்டோமேட்டிக் கார் என்றால், இயங்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. மேலே ஏற்றிச் செல்லும் வண்டியே பத்திரம்.

அடுத்த ஆபத்து, 'பெட்டியையே மாற்ற வேண்டும்' என்ற உடனடித் தீர்ப்பு. கியர் விழவில்லை என்றாலே கியர் பெட்டி போய்விட்டது என்று அர்த்தமில்லை. தேய்ந்த கிளட்ச், ஒழுகிப்போன எண்ணெய், தளர்ந்த கேபிள் என எதுவும் காரணமாகலாம். கிளட்ச் மிதி இல்லாமல் தானாகவே கியர் மாற்றும் சிறிய கார்களில், அந்த வேலையைச் செய்யும் ஆக்சுவேட்டர் மட்டும் பழுதாகியிருக்கலாம். காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படித்து, அச்செடுத்து வாங்குவதுதான் முதல் வேலை. பிரித்துப் போட்ட பிறகு, கோளாறு முன்பே இருந்ததா என்று காட்டுவது கடினம்.

குற்றம் ஓட்டுநர் மீதே திரும்புவதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இரட்டை கிளட்ச் கியர் பெட்டி கொண்ட ஃபோர்டு கார்களில் அதிர்வும் தடுமாற்றமும் வந்தபோது, 'நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்' என்று வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லப்பட்டது. 2018ல் அந்நாட்டு நீதிமன்றம், புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இதே வகைப் பெட்டியுடன் ஈகோஸ்போர்ட் இந்தியாவிலும் விற்பனையானது. இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021ல் அறிவித்தது. எந்த மாடலின் பெட்டிக்கு என்ன சரித்திரம் என்று விசாரிப்பது பழைய கார் வாங்குபவரின் வேலை.

சரி, பணம் திரும்புமா? அது யாரிடம் வாங்கினார் என்பதைப் பொறுத்தது. கார் விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கியிருந்தால், 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். முதலில் எழுத்து மூலம் புகார். பிறகு 1915 என்ற தேசிய உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. டெல்லியில் வாங்கிய காருக்கு, வாங்கியவர் வசிக்கும் மதுரையிலோ மும்பையிலோ வழக்குப் போடலாம் என்பது இந்தச் சட்டம் தந்த வசதி. 'இருக்கும் நிலையில் வாங்கிக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் வழக்கு சிக்கலாகும்.

மாற்றலாகிப் போகும் தனி மனிதரிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. அவர் வியாபாரி அல்ல. நுகர்வோர் ஆணையம் உதவாது. மிஞ்சுவது 1872ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் சிவில் கோர்ட்டும். விற்பவர் வாயைத் திறக்காமல் இருந்ததே பொதுவாக மோசடி ஆகாது என்கிறது அந்தச் சட்டம். கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் சொன்னால் அது மோசடி.

ஆகவே கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில். 'கியர் பெட்டியோ கிளட்ச்சோ எப்போதாவது பழுது பார்க்கப்பட்டதா? இப்போது ஏதாவது குறை உண்டா?' என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிப் பதில் வாங்கி வைத்தால் போதும். நல்ல விற்பனையாளர் தயங்க மாட்டார். மழுப்பினால் அதுவே பதில்.

கூடவே இரண்டு சோதனைகள். சாதாரண கியர் வண்டியில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். என்ஜின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக்கில், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி முன்னும் பின்னும் கியர் மாற்றிப் பார்க்க வேண்டும். தாமதமோ உதறலோ இருந்தால் சந்தேகம். அதன் பிறகு அரை மணி நேரமாவது நெரிசலில் ஓட்ட வேண்டும். பல கோளாறுகள் சூடேறிய பிறகே வெளியே வரும். விற்பவர் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போதும் என்பார். போதாது.