கசப்பது கடினமன்று, புள்ளி!



"கேள்விகளைச் சற்று எளிமையாக்குங்கள், ஐயா. பிள்ளைகள் சோர்ந்து போகிறார்கள்." பெற்றோர் சந்திப்பில் ஆண்டுதோறும் நான் கேட்கும் வேண்டுகோள் இது. ஆசிரியர் அறையிலும் இதே குரல்தான். இதனை நான் வன்மையாக மறுக்கிறேன். நம் பிள்ளைகளைச் சோர்வடையச் செய்வது கடினம் அன்று; ஒவ்வொரு முயற்சிக்கும் நாம் இடுகின்ற புள்ளியே.

ஐயமிருப்பின் தண்ணீர்மலைக்கு வாருங்கள். முருகன் ஆலயத்தின் 513 படிகளில் பெரியவர்கள் மூச்சு வாங்க நிற்கையில், சிறுவர்கள் போட்டியிட்டு ஓடி ஏறுகிறார்கள். அவர்களுக்கு யாரும் நட்சத்திரம் ஒட்டுவதில்லை.

அண்மையில் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், எழுத்துகளைக் கலைத்துப் போட்ட சொற்புதிர் அட்டைகளை எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று கட்டுகளாக மேசைமேல் வைத்தேன். ஒரு மாணவி கடினமான அட்டை ஒன்றை ஆவலுடன் எடுத்தாள். பின்னர், "இதற்குப் புள்ளி உண்டா, ஐயா?" என்று கேட்டாள். சிந்திக்காமல் "உண்டு" என்றேன். எடுத்த அட்டையை அங்கேயே வைத்துவிட்டு, எளிய கட்டின் பக்கம் கையை நீட்டினாள்.

குற்றம் அவளுடையதா? என்னுடையது!

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த ஓர் ஆய்வு அன்று நினைவுக்கு வந்தது. அமெரிக்க உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் 1978இல் வெளியிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரும் சொற்புதிர்களையே கொடுத்தார். விளையாட்டாகக் கொடுத்தபோது, அவர்கள் தங்கள் திறனுக்குச் சவாலானவற்றைத் தேர்ந்தார்கள். தீர்த்ததும் முகம் மலர்ந்தார்கள். தரமிடப்படும் என்றதும் எளியவற்றை நாடினார்கள், புன்னகையும் குறைந்தது.

நாமோ இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தோம்? 1988இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு போயிற்று, அது வளர்த்த பழக்கம் போகவில்லை. இன்றும் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்விக்கிறோம். கோடிட்ட இடத்தை நிரப்பும் தாள்களை அடுக்குகிறோம். நினைவுக்குச் சுமை, சிந்தனைக்கு ஓய்வு! பிரத்தியேக வகுப்பிலும் இதுவே தொடர்கிறது. பிறகு, 'பிள்ளைக்கு ஆர்வமே இல்லை' என்று புலம்புகிறோம்.

"பின்தங்கிய மாணவர் என்ன செய்வர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எட்டாத உயரமும் ஆர்வத்தைக் கொல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், எட்டாதவனுக்குத் தேவை ஒரு படிக்கட்டு. மலையையே தரைமட்டமாக்குவது அன்று. தனியே செய்ய இயலாததும், சிறு துணையிருந்தால் செய்யக்கூடியதுமான பணியில்தான் பிள்ளை வளர்கிறான் என்றார் ருஷ்ய அறிஞர் வைகோட்ஸ்கி. அந்தச் சிறு துணையைத் தருவதற்கன்றோ நாம் வகுப்பில் நிற்கிறோம்?

ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு பாடவேளையாவது புள்ளியில்லாத கடினமான பணி ஒன்றைக் கொடுங்கள். தவறுக்குச் சிவப்பு மை வேண்டாம்; மறுபடி முயலக் காலம் கொடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை புள்ளி?" என்று கேளாதீர்கள். "இன்று எந்தக் கேள்வி உன்னைத் திணறடித்தது?" என்று கேளுங்கள்.

அந்த மாணவி திரும்ப வைத்த அட்டை இன்னும் என் மேசையில் இருக்கிறது. அடுத்த வாரம் அதை மீண்டும் நீட்டப் போகிறேன். இம்முறை "புள்ளி இல்லை, அம்மா" என்பேன்.

சிந்திப்போம்!