எலிவேஷன் பூஜ்யம்

"அருப்புக்கோட்டைல ஓடுறதுக்கு என்ன இருக்கு?" இதைக் கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. இங்கேயே பிறந்து, சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்து, அங்கே வாரம் தவறாமல் ஓடி, ஊருக்கு வந்தால் மட்டும் ஷூவைப் பையை விட்டு எடுக்காத நம்ம ஆட்கள்தான். கையிலிருக்கும் போனில் கனடாவின் பான்ஃப் மலைச்சரிவில் யாரோ ஓடிக்கொண்டிருப்பார். தெருமுனையைத் தாண்டினால் கண்மாய்க்கரை. அது கண்ணில் படாது. மலை இல்லை, அருவி இல்லை, ஸ்ட்ராவாவில் எலிவேஷன் பூஜ்யம் காட்டும்.

இது வெறும் ரசனைப் பிரச்சினை என்றால் விட்டுத் தொலைக்கலாம். ஆனால் "அங்க ஒண்ணுமில்ல" என்கிற இதே வாக்கியம்தான் அரசாங்கக் காகிதத்திலும் இருக்கிறது. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் நிலத்துக்கென்றே தனி வகை உண்டு. உடைமரமும் ஆவாரையும் இலந்தையும் நிற்கிற நிலம், கௌதாரி தரையில் முட்டையிடுகிற நிலம், அந்தக் கணக்கில் வீண் நிலம். வீண் என்று எழுதியாகிவிட்டால் அதை யாருக்குக் கொடுத்தாலும் எதையும் இழந்ததாகக் கணக்கு வராது. திருச்சுழிக்குத் தென்கிழக்கே, கமுதிப் பக்கம், 2016இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர். சூரியமின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நம்ம ஊரில் இல்லாத வெயிலா? இந்த மாதிரி எது வந்தாலும் "சும்மா கிடந்த நிலம்தானே" என்கிறார்களே, அதுதான் எரிச்சல். சும்மாதான் கிடந்ததா என்று ஆடு மேய்க்கிறவரிடம் யாராவது கேட்டார்களா?

கனடாதான் பிடிக்கும் என்றால் முழு கனடாவையும் பாருங்கள். சஸ்காட்செவன் மாகாணத்தின் தெற்கு ஓரத்தில் கிராஸ்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. பனிமலை கிடையாது, மரமே அபூர்வம். காய்ந்த புல், காற்று, சப்பாத்திக்கள்ளி இனத்துச் செடிகள், கிலுகிலுப்பைப் பாம்பு. 2005 கடைசியில் பைசன் மந்தையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் பொட்டல்தான் அங்கே தேசியப் பூங்கா. அதற்காகக் கனடாவைக் கும்பிடச் சொல்லவில்லை. பான்ஃபை உருவாக்கியபோது ஸ்டோனி நகோடா மக்களை அவர்களுடைய வேட்டை நிலத்திலிருந்தே பல ஆண்டுகள் விலக்கி வைத்த நாடு அது. மனுசன் நடமாடாத இடம்தான் காடு என்கிற படிப்பு அங்கிருந்து வந்ததுதான். இங்கே அது செல்லாது. கரிசல் பக்கம் "அம்மா காட்டுக்குப் போயிருக்காக" என்றால் புஞ்சைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். நம்ம மொழியில் காடு ஆள் புழங்குகிற இடம்.

சரி, ஓட்டத்தை மட்டும் பேசுவோம். கண்மாய்க்கரையில் ஏறி, மடைகளைத் தாண்டி, கலுங்கில் இறங்கி, மறுகால் ஓடையைப் பிடித்தால் அடுத்த கண்மாய். அங்கிருந்து அதற்கடுத்தது. ஒன்று நிறைந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் போகிற அதே தடத்தில் ஓடுகிறோம், யாரும் அம்புக்குறி போட வேண்டியதில்லை. சித்திரையில் கரிசல் வெடிப்பு கணுக்காலைக் கேட்கும். ஐப்பசியில் ஒரு மழை பெய்தால் போதும், ஷூவுக்கடியில் மண் அப்பிக் கால் இரண்டும் உரல் மாதிரி கனக்கும், நின்று நின்று குச்சியால் சுரண்டணும். வறண்ட குண்டாற்று மணலில் ரெண்டு கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள், ஆடுதசை என்றால் என்னவென்று தெரியும். சீமைக்கருவேல முள் எந்தக் கம்பெனி ஷூவையும் மதிக்காது. இதையே 'டெக்னிக்கல் டெரைன்' என்று போஸ்டர் அடித்து மூவாயிரம் ரூபாய் கட்டணம் வைத்தால் வரிசையில் நிற்பீர்கள்.

(திருச்சுழியில் பிறந்த ரமணருக்காக உலகமே திருவண்ணாமலைக்குப் போய் மலையைச் சுற்றுகிறது. திருச்சுழிக்கு வருகிறவர்கள் கோயிலையும் அவர் பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். குண்டாற்றை யார் பார்த்தார்கள்?)

நாய் துரத்தும் என்பீர்கள். துரத்தும், நின்றால் நிற்கும். விடிகாலையில் கண்மாய்க்கரை எதற்குப் பயன்படுகிறது என்று எனக்கும் தெரியும், ஏழு மணிக்குப் போங்கள். ஒரே ஒரு ஆட்சேபணைக்குத்தான் என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஒரு பெண் தனியாக அங்கே ஓடினால் "யார் வீட்டுப் பிள்ளை, எதுக்கு ஓடுது" என்று ஊரே நின்று பார்க்கும். பார்ப்பதோடு முடிந்தாலும் பரவாயில்லை. விறகுக்கும் களையெடுப்புக்கும் அதே கரையில் காலங்காலமாகப் பெண்கள் நடக்கிறார்கள், கூட்டமாக. ஓடுகிறவர்களும் இப்போதைக்கு அப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கும். இது நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. பெரும்பாலும் மலைகள். கண்மாய்க்கும் மேய்ச்சல் புறம்போக்குக்கும் அப்படி ஒரு பட்டியல் வராது, வரவும் வேண்டாம். மாரத்தான் நடத்தி டி-ஷர்ட் கொடுக்கச் சொல்லவில்லை. வாழைப்பழத் தோலும் ஜெல் பாக்கெட்டும் கரையில் கிடக்கிற காட்சியை நினைத்தாலே கசக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள்தானே. மண் இறுகியிருக்கும், கண்மாயில் கொஞ்சமாவது தண்ணீர் கிடக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ஓடும்போது எந்த வரத்துக்கால் மண் மூடிக் கிடக்கிறது, எந்த ஆட்டுப்பாதையில் புதிதாகக் கம்பிவேலி விழுந்திருக்கிறது என்று போனிலேயே குறித்துக்கொள்ளுங்கள், எப்படியும் ஜிபிஎஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கும். ஜனவரி 26 அன்று கிராமசபை. ரெண்டு நாள் லீவைச் சேர்த்துப் போட்டுவிட்டு, அந்த மேப்பைக் கொண்டுபோய் அங்கே காட்டுங்கள்.