செவுளில் படியும் துத்தம்

பூஞ்சாணத்தைக் கொல்லும் மருந்து வயலோடு நிற்பதில்லை. மழை பெய்தால் வாய்க்கால் வழியே குளத்துக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேருகிறது. அங்கே முதலில் அடி வாங்குவது மீனின் செவுள்.

தாமிர உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1885இல் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் அறிமுகமானது. நீலகிரித் தேயிலையின் கொப்புள நோய்க்கு இன்றும் தாமிர மருந்து அடிக்கிறார்கள், அதுவும் மழைக்காலத்தில். நீரில் கரைந்த தாமிரம், செவுள் உப்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. இரத்தத்தில் சோடியம் குறைகிறது. செவுளில் சளி மூடி, மூச்சுக்குத் தவித்து மீன் மேலே வந்து வாய் திறக்கிறது. சாகடிக்கும் அளவுக்கு வெகு கீழேயே மோப்ப சக்தி மங்கிவிடுகிறது. எதிரியின் வாடை தெரியாத மீன் தப்புவது எப்படி? கால்சியம் மிகுந்த கடின நீரில் பாதிப்பு குறைவு. மலை ஓடைகளின் மென்னீரில் அதிகம்.

புதிய ஸ்ட்ரோபிலூரின் வகை மருந்துகள் பூஞ்சாணத்தின் செல்லில் சுவாசத்தை முடக்குகின்றன. மீனின் செல்லிலும் அதே சுவாச அமைப்புதான். பைராக்ளோஸ்ட்ரோபின் ஒரு லிட்டர் நீரில் சில மைக்ரோகிராம் இருந்தாலே டிரவுட் மீனுக்கு எமன்.

மீன் குளத்தருகே தெளிக்கக் கூடாது என்று மருந்துப் புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது, பொடி எழுத்தில். தெளித்து முடித்த கையோடு தெளிப்பானை வாய்க்காலில் அலசுவது ஊர்ப்பழக்கம். கழுவிய நீரை வரப்போரத் தரிசில் ஊற்றச் சொல்லித் தருவதையும், குளக்கரையில் தெளிக்காத பட்டை விடுவதையும் வேளாண் துறை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.