போட் வாங்க முதல் ஆட்களை எண்ணுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. குடும்பத்துக்கென்று போட் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் முழுசாக வாசியுங்கள். மற்றவர்கள் அப்படி யோசிக்கும் மச்சான்மாருக்கு அனுப்பி விடுங்கள்.

கிண்ணியாவில் இப்போது இது ஒரு ஆசையாகக் கிளம்பியிருக்கிறது. கட்டாரிலிருந்து திரும்பியவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஏன் எங்கள் ஆசிரியர்களிலும் ஒன்றிரண்டு பேர், பழைய பைபர் போட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். மீன் பிடிக்க அல்ல. பெருநாள் கழிந்து பிள்ளைகளோடு தம்பலகாமக் குடாவில் ஒரு சுற்று, காற்றில்லாத நாளில் கொட்டியாரக் குடாப் பக்கம் ஒரு ஓட்டம், பின்னேரம் ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு வீடு. நல்ல ஆசைதான். தண்ணீர் சூழ்ந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் தண்ணீரைப் பாலத்தில் நின்று மட்டும் பார்ப்பது எனக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் யாரோடு பேசினாலும் முதல் கேள்வி, "இஞ்சின் எத்தனை குதிரை?" என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, இதில் ஏறப் போவது யார், அவர்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்பது.

20 அடிக்குக் குறைந்த போட்டுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்லும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நீளத்தை அகலத்தால் பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும், எல்லாம் அடியில். 18 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 90. பதினைந்தால் வகுத்தால் 6. ஓட்டுபவரும் அந்த ஆறில் ஒருவர். அதுவும் அலையில்லாத நல்ல நாளுக்கான கணக்கு. இப்போது நம்ம வீட்டுப் பயணத்தை எண்ணிப் பாருங்கள். வாப்பா, உம்மா, நான்கு பிள்ளைகள், மாமி, மாமியின் மகள், அவளின் கைக்குழந்தை, கூடவே சோற்றுச் சட்டியும் ஐஸ் பெட்டியும். "சின்னப் பிள்ளைகள்தானே, ரெண்டு பேர் ஒரு ஆளுக்குச் சமன்" என்பார்கள். பாரத்தில் சமன்தான். ஆனால் போட் பாரத்தால் மட்டும் கவிழ்வதில்லை, எல்லாரும் ஒரே பக்கம் எழும்பி நின்றாலும் கவிழும். ஒரு மீன் துள்ளினால் நாலு பிள்ளைகளும் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பது வகுப்பில் நிற்கும் எனக்கு நன்றாகத் தெரியும்.

2021 நவம்பர் 23 குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்ததை இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதைப் பற்றி எழுத வரவில்லை. கரை கண்ணுக்குத் தெரியும் தூரம் பாதுகாப்பான தூரம் அல்ல என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

அடுத்தது, போட் பார்க்கப் போகும்போது வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். தொழிலுக்குச் செய்த போட்டில் விளிம்பு உயரம். இடுப்பளவு தண்ணீரில் நின்று அபாயாவோடு அதில் ஏற முடியுமா என்று ஆண்கள் யோசிப்பதே இல்லை. பின்பக்கம் இரண்டு படி வைத்த ஏணி பொருத்த முடியாத போட் குடும்பத்துக்கு உதவாது. நாளைக்கு ஒருவர் தண்ணீரில் விழுந்தாலும் அந்த ஏணியால்தான் மேலே வர வேண்டும். நனைந்த உடுப்போடு ஒருவரை விளிம்பால் இழுத்து ஏற்றுவது லேசு அல்ல, இழுக்கும் பக்கம் போட்டும் சாயும்.

அடிப்பாகம் தட்டையாக இருந்தால் களப்பில் நின்ற இடத்தில் ஆடாது, ஆழம் குறைந்த இடத்திலும் போகும், ஆனால் அலையில் அடி அடியென்று அடிக்கும். கூராக இருந்தால் அலையை வெட்டும், நிற்கும்போது ஆடும். நமக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ளது போதும்.

பழைய போட் என்றால் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். இஞ்சின் மாட்டும் பின் பலகையைப் பாருங்கள். இஞ்சினின் கீழ்ப் பகுதியைப் பிடித்து அழுத்தும்போது பலகை அசைந்தால் உள்ளே மரம் உக்கியிருக்கிறது. இருக்கைகளுக்குக் கீழே அடைத்த ரெஜிபோம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தண்ணீர் நிறைந்தாலும் போட் அடியில் போகாமல் மிதப்பது அதனால்தான்.

சரி, இஞ்சின். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 14, 16 அடி போட்டும் 15 குதிரையும் தாராளம். ஆட்கள் கூட என்றால் இரண்டு தடவை போய் வாருங்கள். 40 குதிரையைப் பின்னால் தொங்கவிட்டால் பின்பக்கம் தாழும், திருப்பத்தில் பிள்ளைகள் தெறிப்பார்கள். வசதி இருந்தால் நான்கு ஸ்ட்ரோக் எடுங்கள். பாரமும் விலையும் கூட, ஆனால் சத்தம் குறைவு. பின்னாலிருந்து பிள்ளை கத்தினால் கேட்க வேண்டுமே. இஞ்சினோடு ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும். அதை ஓட்டுபவர் கையில் மாட்டியிருந்தால், அவர் விழுந்ததும் இஞ்சின் நின்றுவிடும். பழைய இஞ்சின்களில் அந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டைச் செருகி வைத்திருப்பார்கள். அப்படிக் கண்டால் முதல் வேலையாகப் புதுக் கயிறு வாங்குங்கள். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணவும் நிறுத்தவும் மனைவிக்கும் மூத்த மகளுக்கும் பழக்குங்கள். ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தண்ணீரில் கிடந்தால் மிச்சப் பேர் என்ன செய்வது?

லைப் ஜெக்கட்டுக்கான காசை போட் விலையிலேயே சேர்த்துப் பேசுங்கள். நீந்தத் தெரியாதவருக்கு 100 நியூட்டனுக்குக் குறைந்தது வேண்டாம். 50 என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்தவருக்கு. பெரியவரின் ஜெக்கட்டைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் அது தலை வழியாகக் கழன்று போகும். பிள்ளையின் நிறைக்கு ஏற்றதாக, காலுக்கிடையில் பட்டி உள்ளதாக எடுங்கள். அபாயாவுக்கு மேலேதான் போட வேண்டும். அழகு கெடுகிறது என்று கையில் வைத்திருப்பதற்கு அல்ல.

ட்ரெயிலரில் பலர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். எனக்கென்றால் குடும்ப போட்டின் பெறுமதியே ட்ரெயிலரில்தான் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவர முடிந்த போட் என்றால், காற்றைப் பார்த்து இடத்தை மாற்றலாம், சரியில்லை என்றால் அப்படியே திரும்பலாம். பாரம் பின்னால் கூடினால் ஓட்டத்தில் வால் ஆட்டும். மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கொக்கியில் இறங்கும்படி போட்டை முன்னுக்கு இழுத்துக் கட்டுங்கள். ஓடிய சூட்டோடு சக்கரத்தை உப்புத் தண்ணீரில் இறக்கினால் பெயரிங்குக்குள் தண்ணீர் ஏறும். பத்து நிமிஷம் ஆற விடுங்கள், திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், இஞ்சினையும் சேர்த்து. மணலில் வேனை இறக்கப் போகாமல் லேண்ட்மாஸ்டர் உள்ள ஒருவரைப் பிடியுங்கள். பின் லைட் இல்லாத ட்ரெயிலரை மஃரிபுக்குப் பிறகு திருகோணமலை வீதியில் இழுக்கவே வேண்டாம்.

காற்றைப் பற்றி மீன்பிடிக்கும் நானாமாருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வாங்குபவர்களுக்கு மட்டும்: கச்சான் அடிக்கும் மாதங்களில் கரையோரம் கண்ணாடி போல இருக்கும், ஏனென்றால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. இஞ்சின் நின்றால் அதே காற்று போட்டை வெளியே கொண்டு போகும். அதனால் நங்கூரமும் நீளக் கயிறும் துடுப்பும் கட்டாயம். பெற்றோலை மூன்றாகப் பிரியுங்கள். போக ஒன்று, வர ஒன்று, தொடாமல் வைக்க ஒன்று. வாடை தொடங்கினால் கொட்டியாரக் குடாவை மறந்துவிடுங்கள், குடாவின் வாய் திறந்திருப்பதே அந்தப் பக்கம்தான்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ட்ரெயிலரை இறக்கத் தோதான, கல்லில்லாத சரிவு தம்பலகாமக் குடாப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தொழில் செய்பவர்களின் வலைக்கும் தோணிக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகச் சொல்லுங்கள்.