டார்ச்சா... துப்பாக்கியா?



2004ல் வந்த 'டூம் 3' கேம் ஆடினவங்க கையைத் தூக்குங்க. ஆடலைன்னா வீட்டுல அண்ணனைக் கேளுங்க, கதை கதையா சொல்வார். செவ்வாய் கிரகத்துல ஒரு ஆராய்ச்சி நிலையம். கும்மிருட்டு. மூலைக்கு மூலை பேய். இதுல பெரிய கொடுமை என்னன்னா, ஹீரோ டார்ச்சை எடுத்தா துப்பாக்கி உள்ளே போயிடும். துப்பாக்கியை எடுத்தா டார்ச் உள்ளே போயிடும். ஒண்ணு பார்க்கலாம், இல்லேன்னா சுடலாம்!

கடுப்பான ரசிகர்கள் சும்மா இருப்பாங்களா? டார்ச்சை டேப் போட்டுத் துப்பாக்கியிலேயே ஒட்டிவிட்ட மாதிரி தாங்களே ஒரு 'மாட்' எழுதிப் பரப்பிட்டாங்க. 2012ல் அதே கேம் மறுபடி வந்தப்போ, கம்பெனி வேற வழி பிடிச்சது. லைட்டை ஹீரோவோட கவசத்துல மாட்டிட்டது.

டேப்பா, கவசமா... எது சரி? இந்த வார மேட்டரே இதுதான்.

துப்பாக்கின்னு சொன்னா நம்ம ஊர்க்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். திருவெறும்பூர் பக்கம் இருக்கிற துப்பாக்கித் தொழிற்சாலை 1966ல் ஆரம்பிச்சது. ராணுவத்தோட 'இன்சாஸ்' ரைஃபிள் அங்கே தயாராகியிருக்கு. ஊர் பேரையே தாங்கின 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' அங்கே பிறந்ததுதான். 2021 அக்டோபர்ல பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைஞ்சதும், 'அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா'ங்கிற அரசுக் கம்பெனிக்குக் கீழே வந்தது.

இப்போ உலகம் முழுக்க புது ரைஃபிள்களைப் பார்த்தீங்கன்னா, குழலைச் சுத்தி பல் பல்லா வெட்டின ஒரு பட்டை இருக்கும். பிக்காட்டினி ரயில்னு பேர். 1995ல் அமெரிக்க ராணுவம் இதுக்கு ஒரு அளவு நிர்ணயம் பண்ணிச்சு. அந்தப் பல்லுல டெலஸ்கோப் மாட்டலாம், கைப்பிடி மாட்டலாம், டார்ச்சும் மாட்டலாம்.

டார்ச்தானே, என்.எஸ்.பி. ரோடு பிளாட்பாரத்துல கிடைக்கிறதை வாங்கி மாட்டிட்டா போச்சுன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு தடவை சுடும்போதும் துப்பாக்கி பின்னால உதைக்கும். பழைய குண்டு பல்புல இருக்கிற முடி மாதிரியான இழை அந்த உதையில அறுந்துடும். பேட்டரி ஒண்ணோட ஒண்ணு மோதும். எல்.இ.டி.யில இழையே கிடையாது, அதனாலதான் இந்த வகை டார்ச் இவ்வளவு பரவிச்சு. அப்புறம் சுவிட்ச். அழுத்தினா எரியணும், கையை எடுத்தா உடனே அணையணும். ஏன்னா, இருட்டுல வெளிச்சம் போட்டா நீங்க எதிரியைப் பார்க்கறீங்களோ இல்லையோ, எதிரி உங்களைப் பார்த்துடுவான்!

சரி, கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, ஈஸிதான்.

டார்ச் டப்பாவுல 'ஆயிரம் லூமன்'னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். லூமன்னா முக்கொம்புக்கு வந்து சேர்ற மொத்தத் தண்ணி மாதிரி. அதையே ஒரே ஒரு மதகு வழியா திறந்துவிட்டா பீறிட்டு அடிக்கும் பாருங்க, அந்த வேகம்தான் கேண்டெலா. வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்னு சொல்றது இந்தக் கேண்டெலாதான். அது எத்தனையோ, அதுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால பெருக்குங்க. மீட்டர்ல தூரம் வந்துடும். பத்தாயிரம் கேண்டெலான்னா வர்க்கமூலம் 100, தூரம் 200 மீட்டர்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். கீழே நின்னு உச்சிக் கலசத்தைத் தொட சுமார் 1,300 கேண்டெலா போதும். மலைக்கோட்டை உச்சியில நின்னு அதே கோபுரத்தைத் தொடணும்னா? நடுவுல காவிரியும் சேர்த்து சுமார் மூணு கிலோமீட்டர். இருபத்திரண்டரை லட்சம் கேண்டெலா வேணும்! தூரம் இரண்டு மடங்கானா வெளிச்சம் நாலு மடங்கு வேணும்ங்கிற பிளஸ் டூ ஃபிசிக்ஸ்தான் இது.

ஆனா இந்தக் கணக்குல ஒரு சூட்சுமம் ஒளிஞ்சிருக்கு. டப்பாவுல போட்ட தூரத்துல விழற வெளிச்சம் எவ்வளவு தெரியுமா? கால் லக்ஸ். தெளிஞ்ச வானத்துல பௌர்ணமி நிலா தர்ற வெளிச்சம், அவ்வளவுதான். 2009ல் டார்ச் கம்பெனிகளுக்காக அமெரிக்காவுல வந்த தர நிர்ணயம் அப்படி.

பௌர்ணமி நிலாவுல தூரத்துல ஒருத்தர் நிக்கிறது தெரியும். ஆனா அவர் கையில இருக்கிறது செல்போனா, கத்தியா? தெரியாது. அதைப் பிரிச்சுப் பார்க்க ஒரு நூறு மடங்கு வெளிச்சம் வேணும்னு வெச்சுக்கங்க. அப்போ தூரம் பத்துல ஒண்ணாயிடும். 200 மீட்டர் டார்ச், 20 மீட்டர் டார்ச் ஆயிடும்!

'ஏதோ இருக்கு'ன்னு தெரியறது வேற, 'இன்னதுதான் இருக்கு'ன்னு தெரியறது வேற. இந்த இரண்டுக்கும் நடுவுல இருக்கிற 180 மீட்டர்லதான் உயிர் போகுது.

சும்மா பயமுறுத்தலை. நம்ம மலையோரக் கிராமங்கள்ல நாட்டுத் துப்பாக்கியோட ராத்திரி வேட்டைக்குப் போறவங்க, நெத்தியில ஒரு லைட்டைக் கட்டிக்குவாங்க. மிருகத்தோட விழித்திரைக்குப் பின்னால கண்ணாடி மாதிரி ஒரு அடுக்கு இருக்கு. வெளிச்சம் பட்டா பளிச்சுனு மின்னும். மின்னின இடத்தைக் குறி பார்த்து சுடறது. ஆனா மான் கண்ணும் மின்னும், பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி கண்ணும் மின்னும், நாய் கண்ணும் மின்னும். பயிரை அழிக்குதுன்னு தேடிப் போற காட்டுப்பன்றிக்கு அந்த அடுக்கே கிடையாது! அப்புறம் புதர் அசைஞ்சாலே சுட வேண்டியதுதான். மிருகம்னு நினைச்சு கூட வந்த ஆளையே சுட்ட செய்தியை நாமளும் பேப்பர்ல படிச்சிட்டு, அடுத்த பக்கம் புரட்டியிருக்கோம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியே ஆயுதச் சட்டப்படி குற்றம், வேட்டை 1972 வன உயிரினச் சட்டப்படி இன்னொரு குற்றம். அதுக்கெல்லாம் மேல, போன உயிர் வரப்போறது இல்லை.

என்.சி.சி.யில இருக்கிற நம்ம ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரியும். துப்பாக்கியைக் கையில கொடுக்கும்போதே சொல்ற பாடம்: சுட வேண்டாத எதையும் நோக்கி குழாய் முனை திரும்பக் கூடாது. இப்போ டார்ச்சைத் துப்பாக்கியிலேயே ஒட்டியாச்சு. இருட்டுல சத்தம் கேட்குது. யாருன்னு பார்க்கணும். பார்க்கிறதுக்காக லைட்டைத் திருப்பினா, கூடவே துப்பாக்கியும் திரும்புமே? தண்ணி குடிக்க எழுந்த தம்பி மேல, தோட்டா நிரப்பின துப்பாக்கியை நீட்டிட்டுத்தான் 'தம்பியா நீ?'ன்னு கேட்க முடியும்!

அதனாலதான் துப்பாக்கியில லைட் மாட்டியிருந்தாலும், தேடறதுக்குத் தனியா ஒரு கை டார்ச் வெச்சுக்கன்னு பயிற்சியாளர்கள் சொல்றாங்க. துப்பாக்கி லைட்டைப் போட்டே ஆகணும்னா தரையில அடிக்கணும். அங்கிருந்து தெறிக்கிற வெளிச்சத்துல அறையே தெரியும், யார் மேலயும் குழாய் திரும்பாது. தேட ஒரு லைட், குறி பார்க்க ஒரு லைட். இரண்டையும் குழப்பிக்கக் கூடாது.

இப்போ சொல்லுங்க, டேப்பா கவசமா? கேம் ஆடற நமக்கு டேப் ஐடியா செம. ஸ்க்ரீன்ல தெரியற எல்லாமே பேய்தானே! நிஜ வீட்டுல, நிஜத் தெருவுல இருட்டுல நிக்கிறது பெரும்பாலும் நம்ம ஆளுதான். அங்கே கவசத்து லைட்டுக்குத்தான் நம்ம ஓட்டு. கண்ணும் வெளிச்சமும் முதல்ல போகட்டும். விரல் கடைசியா போனா போதும்.

துப்பாக்கியே தொடாதவங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். இன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல் காரிடார்ல எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, கோடியில ஒரு ஃப்ரெண்டை நிறுத்துங்க. மொபைல் டார்ச்சைப் போட்டு, எத்தனை அடி கிட்டே போனா அவன் கையில என்ன இருக்குன்னு தெரியுதுன்னு அளந்து பாருங்க. ஆனா கண்ணுல மட்டும் அடிச்சிடாதீங்க. கண்ணு மறுபடி முழுசா இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். குறிப்பா வாட்ச்மேன் தாத்தா மேல அடிச்சா, பழகறதுக்கு செமஸ்டர் முழுக்க ஆகும்!

அடுத்த வாரம் பார்ப்போமா... பை!